ஹீமோகுளோபின் 9.4: ஆறு மாதம் பேரீச்சம்பழம், பீட்ரூட் சாப்பிட்டும் ஏறவில்லை

செந்தூல்வாசி
திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவள். இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

வயது 36, இரண்டு பிள்ளைகள், ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போன ஜூலையில் எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் இரத்த தான முகாம் வைத்திருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். விரலில் குத்தி, நீலத் தண்ணீர் இருந்த குப்பியில் ஒரு சொட்டு விட்டார் மிஸ்ஸி (தாதி). எனக்கு முன்னால் இருந்தவருடைய சொட்டு நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. என்னுடையது மேலேயே நின்றுவிட்டது. இன்னொரு விரலில் குத்தினார். அதுவும் மிதந்தது. "ரத்தம் பத்தாதுக்கா, கிளினிக் போய்ப் பாருங்க" என்று சொல்லி, ஒரு மைலோ பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பக்கத்துத் தனியார் கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9.8 என்றார்கள். ஒரு மாதத்துக்கு இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். எட்டு நாள்தான் சாப்பிட்டேன். மலச்சிக்கல், வயிற்றுப் புரட்டல், மலம் வேறு கறுப்பாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டேன். மாமியார் சொன்னபடி தினமும் மூன்று பேரீச்சம்பழம், வாரத்தில் நாலு நாள் பீட்ரூட், கிடைக்கிறபோது மாதுளை.

தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம் இருந்தேன். பத்துமலையில் 272 படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஏறியவள் நான். சென்ற வாரம் அரசாங்க கிளினிக்கில் பார்த்தால் 9.4.

என் சாப்பாடு: காலையில் ரொட்டி சானாய், தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்). மதியம் சோறு, ஒரு காய், மீன் அல்லது முட்டை, கூடவே கோப்பி. ஐந்து மணிக்கு இன்னொரு தே. ராத்திரி வீட்டுச் சாப்பாடு. வேறு என்ன சேர்க்கலாம்? முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்ச நாளாக ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்கிறேன். நிறுத்த முடியவில்லை. பெரியவன் "அம்மா, சத்தம்!" என்று காதைப் பொத்திக்கொள்கிறான்.

மூன்றுபிள்ளைஅம்மா
திங்கள், இரவு 10.25

கவலைப்படாதீங்க சிஸ்டர். முருங்கைக்கீரைதான் இதுக்கு மருந்து. வாரம் மூணு தடவை பொரியல், கூட கருப்பட்டி, கறுப்பு எள்ளுருண்டை. மாத்திரையெல்லாம் வயித்தைக் கெடுக்கும். எனக்கு மூணாவது பிரசவத்துக்கு அப்புறம் இப்படித்தான் இருந்தது, கீரையிலேயே சரியாச்சு. இயற்கையை விட்டுப் போகாதீங்க.

முன்னாள்மிஸ்ஸி
திங்கள், இரவு 11.10

தங்கச்சி, நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். 31 வருடம் அரசாங்கத் தாதி, அதில் பாதிக்கு மேல் தாய்சேய் நலத்தில். என்ன சேர்க்கலாம் என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் சிலது தெரிய வேண்டும்.

மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது? கட்டி கட்டியாக வருகிறதா? முதல் இரண்டு நாள் எத்தனை மணிக்கு ஒரு தடவை பேட் மாற்றுகிறீர்கள்? கேஸ்டிரிக் மருந்து ஏதும் தினமும் சாப்பிடுகிறீர்களா? உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் என்ற பரிசோதனை எடுத்தார்களா, அல்லது வெறும் இரத்த எண்ணிக்கை மட்டுமா? அதில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) எவ்வளவு?

ஐஸ் தின்பதை வெட்கப்பட்டுச் சொல்கிறீர்கள். அது உங்கள் குணக்கேடு இல்லை. இரும்புச்சத்து குறைந்தவர்கள் பலருக்கு வருகிற அறிகுறி. சிலர் பச்சரிசி தின்பார்கள், சிலர் மண், சாம்பல், சுண்ணாம்பு. என்னிடம் வந்த ஒரு கர்ப்பிணி கைப்பைக்குள் பச்சரிசிப் பொட்டலம் வைத்திருந்தார். இரும்பு ஏறியதும் ஆசை தானாகப் போய்விட்டது.

செந்தூல்வாசி
செவ்வாய், காலை 7.05

மிஸ்ஸிக்கு ரொம்ப நன்றி. ஏழெட்டு நாள் போகும். முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டும். கட்டியும் வரும். அம்மாவுக்கும் இப்படித்தான், அதனால் எல்லாருக்கும் அப்படி என்றே நினைத்திருந்தேன். கேஸ்டிரிக்குக்கு ஓமெப்ரசோல் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். எம்.சி.வி. 68 என்று தாளில் இருக்கிறது. ஃபெரிட்டின் எடுக்கவில்லை.

முன்னாள்மிஸ்ஸி
செவ்வாய், காலை 10.40

நினைத்தேன். இது எல்லாருக்கும் இருப்பது இல்லை தங்கச்சி. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனாலே அதிகப் போக்கு என்பார்கள். மில்லியை யாரும் அளந்து பார்க்க முடியாது. இரண்டு மணிக்கு ஒரு பேட், ராத்திரி எழுந்து மாற்றுவது, கட்டி விழுவது, இவைதான் நாம் பார்க்கும் அளவுகோல்.

இப்போது கணக்கைப் பாருங்கள், நீங்களே கணக்குப் பிரிவுதான். நல்ல இரத்தம் 1 மில்லியில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. 80 மில்லி போனால் 40 மி.கி. போயிற்று. சாப்பாட்டிலிருந்து உடம்பு உள்ளே எடுத்துக்கொள்வது நாளைக்கு 1 முதல் 2 மி.கி. தான். தட்டில் இருப்பது வேறு, உள்ளே சேர்வது வேறு. அதனால்தான் நம் மலேசியப் பரிந்துரையில் 19 முதல் 50 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 20 முதல் 29 மி.கி. வரை சொல்கிறார்கள். இறைச்சியும் பழமும் குறைவான சாப்பாடு என்றால் மேல் கணக்கு.

இனி மாமியார் சொன்னதைப் பார்ப்போம். அன்போடு சொன்னார், குறை சொல்லவில்லை. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இரும்பு 1 மி.கி. அளவுதான். மூன்று சாதாரணப் பழத்தில் அரை மி.கி.கூட வராது. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 0.8. மாதுளையில் 0.3. சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்கிறோம். அந்த நிறம் இரும்பின் நிறம் இல்லை.

அந்த கோப்பியும் தேயும்தான் எனக்குப் பெரிய கவலை. சாப்பாட்டோடு தே குடித்தால், காய், பருப்பு, மாவில் இருக்கும் இரும்பில் பாதிக்கு மேல் உள்ளே போகாமல் தடுத்துவிடும். கோப்பியும் தடுக்கும், கொஞ்சம் குறைவாக. மூன்று வேளையில் இரண்டு வேளை அப்படிக் குடித்தால், நல்ல சாப்பாடே சாப்பிட்டாலும் உடம்புக்குப் போய்ச் சேராது. விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு லிமாவ் (எலுமிச்சை) பிழிந்த தண்ணீர் குடியுங்கள்.

சோற்றோடு எது சாப்பிடலாம் என்றால், கோழி ஈரல். வெந்த ஈரல் 100 கிராமில் 11 மி.கி. அளவு இருக்கும், அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் வகை. வாரம் ஒரு தடவை மிளகு போட்டு வறுத்தால் போதும். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், வைட்டமின் ஏ அளவு மீறும். எங்கள் பக்கம் கிராங் (சிப்பி வகை) நிறையக் கிடைக்கும், அதிலும் இரும்பு உண்டு. ஆனால் சுடுதண்ணீரில் முக்கி எடுத்த அரைவேக்காடு வேண்டாம், மஞ்சள் காமாலை வரலாம். நன்றாக வேக வையுங்கள்.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். 9.4இலிருந்து சாப்பாட்டால் மட்டும் ஏறி வருவது உங்கள் நிலைமையில் நடக்காது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. போக்கு ஏன் அதிகம் என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் கேட்டு வாங்குங்கள். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டி வரும்.

செராஸ்_மருந்தாளர்
செவ்வாய், மதியம் 1.15

மிஸ்ஸி சொன்னதோடு மாத்திரை பற்றி மட்டும் சேர்க்கிறேன். பல பேர் உங்களைப் போலத்தான் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பாவது பயப்படும் விஷயம் இல்லை, உள்ளே சேராத இரும்பின் நிறம் அது. இதைக் கொடுக்கிறவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் கொடுப்பது ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி. அதில் உள்ள நிஜ இரும்பு 65 மி.கி. அளவு. ஒரு மாத்திரை சாப்பிட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. குடலின் கதவை அது ஒரு நாள் பொழுதுக்கு இறுக்கிவிடும். அடுத்த வேளை மாத்திரை அந்தக் கதவில் போய் முட்டுகிறது. உள்ளே போகாத இரும்புதான் வயிற்றைப் புரட்டுகிறது. சூரிக்கில் இரும்பு குறைந்த பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. தினமும் கொடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உள்ளே போகும் பங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். மருத்துவரிடம் "ஒன்று விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா" என்று கேளுங்கள். கர்ப்பிணிகளும், இரத்தம் ரொம்பக் குறைந்தவர்களும் தாங்களாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

வெறும் வயிறு நல்லது. முடியாவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எடுங்கள், விடுவதற்கு அது எவ்வளவோ மேல். பால், தே, கால்சியம் மாத்திரையோடு வேண்டாம். ஓமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது, இரும்பு கரைய அமிலம் வேண்டும். அது இன்னும் தேவையா என்று கேளுங்கள், நீங்களே நிறுத்த வேண்டாம்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறான் என்றீர்கள். இரும்பு மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் மாதிரி இருக்கும். பிள்ளைகள் அள்ளிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

மூன்றுபிள்ளைஅம்மா
செவ்வாய், மாலை 4.30

எல்லாரும் படிச்சவங்க, ஒத்துக்கிறேன். ஆனா எங்க பாட்டி காலத்துல ஃபெரிட்டினா இருந்தது? பத்துப் பிள்ளை பெத்து, விடியக்காலையில பால் மரம் (ரப்பர்) வெட்டப் போனாங்க. கீரையும் கருவாடும்தான். நம்ம சாப்பாட்டை எதுக்குக் குறைச்சுப் பேசணும்?

தோட்டத்துப்பேத்தி
செவ்வாய், இரவு 8.45

சகோதரி, நானும் பால் மரம் வெட்டியவர்களின் பேத்திதான், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம். உங்களைப் போலவே பாட்டிமார்களைப் பெருமையாக நினைக்கிறேன். ஆனால் அவர்கள் சோகை இல்லாமல் இருந்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக ஏறும். குடலில் போய் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். தோட்டங்களில் அது எவ்வளவு பரவியிருந்தது என்றால், ராக்பெல்லர் அறநிறுவனம் 1915இல் ஒரு குழுவையே கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பியது. மலாயாவிலும் ஜாவாவிலும் ஃபிஜியிலும் 1917 வரை ஆராய்ந்தார்கள். மலேரியாவும் சேர்ந்து இரத்தத்தைக் குடித்தது. என் பாட்டி தன் அம்மாவைப் பற்றிச் சொல்வாள்: "முகம் ஊதி, உதடு வெளுத்து, வாளியத் தூக்க முடியாம மரத்தடியிலேயே உக்காந்துடுவா. சோம்பேறின்னு கங்காணி திட்டுவான்." அது சோம்பல் இல்லை. அந்த மாதிரி எத்தனை பெண்கள் திட்டு வாங்கினார்களோ என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கீரையும் கருவாடும் நல்ல சாப்பாடுதான். குடலில் புழு இருந்தபோது அது மட்டும் போதவில்லை.

சைவம்_பிரிக்பீல்ட்ஸ்
செவ்வாய், இரவு 9.30

நான் பிறவிச் சைவம். ஈரல், கிராங் என்று பேச்சு போகும்போது எங்களைப் போன்றவர்களுக்கு வழியில்லையோ என்று தோன்றும். வழி உண்டு, கொஞ்சம் கவனம் வேண்டும். நாலு வருடத்துக்கு முன் என் ஃபெரிட்டின் 9. மாத்திரையில் ஏற்றினேன், அதற்குப் பிறகு சாப்பாட்டில் காப்பாற்றி வருகிறேன்.

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 4 மி.கி. அளவு இருக்கிறது, அந்தச் சகோதரி சொன்னதில் உண்மை உண்டு. வெந்த மைசூர்ப் பருப்பில் 3க்கு மேல். எள்ளில் 14, ஆனால் ஒரு கரண்டிதான் சாப்பிட முடியும். செடியிலிருந்து வரும் இரும்பு உடம்புக்குள் சுலபமாகப் போகாது. பருப்பிலும் கேழ்வரகிலும் ஃபைட்டேட் என்ற ஒன்று இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்க வைத்தால் அதன் பிடி தளரும். நம் தோசை மாவும், மலாய்க்காரர்கள் சோயாவில் செய்யும் தெம்பேவும் புளிக்க வைப்பதுதானே. தெம்பே நான் வாரம் மூன்று தடவை வாங்குகிறேன். நீட்ட நீட்டமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி வறுத்து, இறக்கியதும் லிமாவ் கஸ்தூரி இரண்டு பிழிவேன். பிள்ளைகள் தட்டைச் சுற்றி நிற்பார்கள்.

இரும்பு உள்ளே போக உதவும் வைட்டமின் சி அதே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். காலையில் ஆரஞ்சு சாப்பிட்டுவிட்டு மதியம் கீரை என்றால் பிரயோசனம் இல்லை. பீடோர் கொய்யா கிடைத்தால் விடாதீர்கள். சோறு சாப்பிட்டவுடன் அரைப் பழம்.

இன்னொன்று, பாட்டியின் இரும்புச் சட்டி. பூச்சு இல்லாத நிஜ இரும்பு. புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் அதில் வைத்தால், புளிப்பு சட்டியிலிருந்து இரும்பைக் குழம்புக்குள் இழுத்துவிடும். கறுத்துப்போகிறதே என்று என் மனைவி முதலில் முகம் சுளித்தார். இப்போது வேறு சட்டியில் வைத்தால் ருசி வரவில்லை என்கிறார்.

முன்னாள்மிஸ்ஸி
செவ்வாய், இரவு 10.05

ஐயா சொன்னது அத்தனையும் சரி. செந்தூல் தங்கச்சி, விரதம் இருக்கும் 48 நாளும் இதைச் செய்யுங்கள். சைவத்தில் தப்பில்லை, விரதச் சாப்பாடு சோறும் ரசமும் அப்பளமும் தேயுமாகக் குறுகிப்போவதுதான் தப்பு.

பாட்டி பற்றிப் பேசிய சகோதரியும் மனம் வருந்த வேண்டாம். மூன்று பிள்ளை பெற்றவர், உங்களுக்கும் ஒரு தடவை ஃபெரிட்டின் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்குச் சோகை. அதில் பலர் உடம்பு பழகிப்போய் நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

எம்சிவி66
புதன், காலை 8.20

ஒரு எச்சரிக்கை. எம்.சி.வி. குறைவு என்றாலே இரும்புக் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். எனக்கு 66. பள்ளிக் காலத்திலிருந்து பத்து வருடம் இரும்பு மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார்கள். திருமணத்துக்கு முன் சோதித்தபோதுதான் தெரிந்தது, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கடத்தி நான். ஃபெரிட்டின் 140. இரும்பு குறையவே இல்லை. இப்போது படிவம் 4 (16 வயது) பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தலசீமியா சோதனை செய்கிறார்கள், 2016இலிருந்து. நம் வயதுக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை. கணவன் மனைவி இருவரும் கடத்திகள் என்றால் பிள்ளைக்கு ஆபத்து, அதனால் தயவுசெய்து பாருங்கள்.

ஆயர்ஈத்தாம்_அங்கிள்
புதன், காலை 11.00

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆண்களும் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். வயது 61. இரண்டு வருடத்துக்கு முன் மார்க்கெட்டிலிருந்து வீட்டு மாடி ஏறவே மூச்சு வாங்கியது. வயசாச்சு என்று விட்டுவிட்டேன். மகள் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். 8.9. ஆணுக்கு 13க்குக் கீழே இருந்தாலே சோகை.

மாதவிலக்கு இல்லாத உடம்பில் இரும்பு எங்கே போயிற்று என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண். முழங்கால் வலிக்கு நானாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை ஒரு பக்கம், எச். பைலோரி என்ற கிருமி இன்னொரு பக்கம். நம் நாட்டு இந்தியரிடம் அந்தக் கிருமி அதிகம் என்றார். எனக்குத் தெரியாமலே சொட்டுச் சொட்டாக உள்ளே கசிந்திருக்கிறது. பெருங்குடலில் கட்டி இருந்தாலும் முதல் அறிகுறி இப்படித்தான் இருக்குமாம். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் டானிக் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள்.

செந்தூல்வாசி
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஃபெரிட்டின் 6. 15க்குக் கீழே போனாலே சேமிப்பு காலி என்றார் மருத்துவர். தலசீமியா சோதனையும் கேட்டு எடுத்தேன், இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி, 4 சென்டிமீட்டர். போக்கைக் குறைக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். ஓமெப்ரசோலை மருத்துவரே நிறுத்திவிட்டார்.

மாத்திரை ஒன்று விட்டு ஒரு நாள், ராத்திரி படுக்கும் முன் லிமாவ் தண்ணீரோடு. வயிறு தாங்குகிறது. அலுவலகத்தில் கோப்பியை மூன்று மணிக்குத் தள்ளிவிட்டேன். முதல் வாரம் தலைவலி, பிறகு பழகிவிட்டது. மாமியாருக்கு இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். மறுநாள் பாசாரிலிருந்து அரைக் கிலோ கோழி ஈரல் வாங்கி வந்து, பரணிலிருந்து தன் கல்யாணத்து இரும்புச் சட்டியை இறக்கி, துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்தார். பேரீச்சம்பழமும் நிற்கவில்லை, கைப்பையில் தினமும் மூன்று இருக்கிறது.

நேற்று 11.3. ஐஸ் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. பெரியவன்தான் சொன்னான், ஐஸ் தட்டு இரண்டு வாரமாக அப்படியே இருக்கிறது என்று.

முன்னாள்மிஸ்ஸி
ஞாயிறு, இரவு 8.40

படித்ததும் கண் கலங்கிவிட்டது தங்கச்சி. 12ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதற்கு மேலும் மூன்று மாதம் ஓட வேண்டும், சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும். முடிவில் ஃபெரிட்டின் திரும்ப எடுத்து எண்ணை இங்கே எழுதுங்கள், காத்திருப்பேன்.

மூன்றுபிள்ளைஅம்மா
ஞாயிறு, இரவு 9.20

ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். நானும் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 11. மிஸ்ஸி, நாளைக்குக் காலையில கிளினிக் போறேன். என்னென்ன கேக்கணும்னு எழுதி வைங்க, ப்ளீஸ்.